மூக்கு உயர்த்தும் துறை

புதுக் கண்ணாடிகள் வந்து இறங்கிய அன்று தொழிற்சாலையில் கூட்டம் போட்டார்கள். பித்தளை வால்வு செய்கிற தொழிற்சாலை அது. லேத்தில் பித்தளையைக் கடையும்போது பிசிறு நாலா பக்கமும் தெறிக்கும். ஒரு துணுக்கு கண்ணில் பட்டால் போதும், அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாக வேண்டும்.

பழைய கண்ணாடிகள் அகலமாக, பின்மண்டையைச் சுற்றி எலாஸ்டிக் நாடாவோடு இருக்கும். போட்டால் ஆணும் பெண்ணும் தவளை மாதிரி ஆகிவிடுவார்கள். ஆனால் தலைகீழாக நின்றாலும் அது விழாது. அவற்றையெல்லாம் பிடுங்கி மூட்டை கட்டி குடோனில் போட்டுவிட்டார்கள். பாதுகாப்பு விருதுக்காக ஒரு குழு பார்வையிட வரப்போகிறது, போட்டோ எடுக்கும்போது தொழிலாளர்கள் தவளைகளாக இருந்தால் நன்றாக இருக்காது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது.

மேடையில் பாதுகாப்பு அதிகாரி நின்றார். தொழிலாளர்களுக்கு அவர் சேஃப்டி சார். அவருக்குப் பக்கத்தில் மேஜைமேல் எதையோ துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

"நம்ம துறை எதையும் எடுத்தோம் கவிழ்த்தோம்னு செய்யாது" என்று ஆரம்பித்தார். "முதல்ல உங்க முகத்தையெல்லாம் அளக்கலாம்னுதான் நினைச்சோம். ரெண்டு பேரை அளந்தும் பார்த்தோம். ரெண்டு முகமும் வேற வேற மாதிரி இருந்துச்சு. அப்பவே எங்களுக்குப் புரிஞ்சுபோச்சு, தொழிலாளர் முகத்துல ஒரு ஒழுங்கு கிடையாதுன்னு. அப்படிப்பட்ட முகத்தை நம்பி ஒரு தரமான கண்ணாடியைச் செய்ய முடியுமா? முடியாது. அதனால மாறாத ஒரு முகத்தைத் தேடினோம். கண்டுபிடிச்சோம்."

துணியை உருவினார். உள்ளே ஒரு பொம்மைத் தலை. மூடிப்போன ரெடிமேட் துணிக்கடையில் கோட்டு சூட்டு போட்டு ஷோகேசில் நின்றிருந்த ஆண் பொம்மை அது. கழுத்தோடு அறுத்து எடுத்து வந்திருந்தார்கள். கன்னம் மழமழவென்று இருந்தது. நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கில் ஈரத் துண்டையே காயப்போடலாம்.

"இதுதான் இனிமே நம்ம தர முகம்" என்றார் சேஃப்டி சார். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினால்தான் கூட்டம் முடியும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கூட்டத்தில் கை தட்டியவர்களில் லேத்தக்காவும் ஒருத்தி. லேத் ஓட்டுகிற ஒரே பெண் என்பதால் அந்தப் பெயர். பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு நேரத்தில் லேத்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து, திட்டு வாங்கி, கெஞ்சி, சண்டை போட்டு அந்த இயந்திரத்தைப் பிடித்தவள். பித்தளை சுருள் சுருளாக உரிந்து உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம் எட்டிப் பார்க்கிற அந்த நிமிஷத்துக்காக அவள் ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்கு வரத் தயார். வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, சிரிப்பார்கள் என்று.

அவளுடைய மூக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் அப்படி ஒன்று இருக்கிற அடையாளமே தெரியாது. கீழே வந்த பிறகுதான் அது தன் வேலையை ஆரம்பிக்கும். நுனியில் உருண்டையாக, நன்றாக மூச்சு விடுகிற, மழை வருவதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிற மூக்கு. அவள் அப்பாவின் மூக்கு அது. இப்போது அவள் மகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் இதுவரை யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை. கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பார்கள். லேத்தக்காவுக்கும் வரும், உட்கார இடம்தான் கிடையாது.

புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேத்தை ஓடவிட்டாள். பித்தளையைக் கவ்விப் பிடிக்கிற சக் சுழல ஆரம்பிப்பதற்குள் கண்ணாடி வழுக்கிக்கொண்டு மூக்கு நுனிக்கு வந்து நின்றது. விரலால் தள்ளினாள். இறங்கியது. மறுபடி தள்ளினாள். எண்ணெய்க் கை பட்டுக் கண்ணாடி மங்கியது. குனிந்து பித்தளையைச் சீவுகிற டூலைப் பார்த்தபோது அது மேலுதட்டுக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு பித்தளைத் துணுக்கு பறந்து வந்து புருவத்தில் ஒட்டியது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். துணுக்கு கண்ணுக்கு ஒரு விரல் அகலம் மேலே பட்டிருந்தது. சுடச்சுட இருந்த அதைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு சேஃப்டி சார் அறைக்குப் போனாள்.

அவர் துணுக்கைப் பார்க்கவில்லை. கண்ணாடியை வாங்கி, துடைத்து, அலமாரியிலிருந்த பொம்மைத் தலைக்கு மாட்டினார். தலையை இடமும் வலமும் ஆட்டினார். கவிழ்த்துக்கூடப் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை.

"பார்த்தீங்களா? கண்ணாடில ஒரு குறையும் இல்ல."

"அந்தப் பொம்மை லேத் ஓட்டலையே சார்."

"ஓட்டினாலும் விழாதும்மா. அதுக்குப் பேருதான் தரம்."

"எனக்குப் பழைய தவளைக் கண்ணாடியையே குடுத்துடுங்க சார். இல்லைன்னா இதுக்கே பின்னால ஒரு நாடா கட்டிக்கறேன்."

சேஃப்டி சாருக்கு முகம் சுண்டிவிட்டது. "நாடாவா? நாடா கட்டினா இது விழும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? விழாத கண்ணாடிக்கு எதுக்கும்மா நாடா?" எழுந்து வந்து அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். டாக்டர் மாதிரி பெருமூச்சு விட்டார். "குறை எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு மூக்குத்தண்டு தாழ்வா இருக்கு."

"பிறந்ததுலேர்ந்து அப்படித்தான் சார் இருக்கு."

"அவ்வளவு நாளா யாரும் கவனிக்காம விட்டிருக்காங்க" என்றார் அவர் வருத்தத்தோடு. "கவலைப்படாதீங்க. கம்பெனி உங்களைக் கைவிடாது. செலவெல்லாம் எங்களோடது. விருதுக் குழு வர்றதுக்குள்ள உங்க மூக்கைத் தூக்கி விடறது என் பொறுப்பு."

"தூக்கலைன்னா?"

"கண்ணாடி நிக்காதவங்களை இயந்திரத்துக்கு முன்னால நிறுத்த முடியாதும்மா. உங்க நல்லதுக்குத்தான். பேக்கிங்ல இடம் காலியாத்தான் இருக்கு."

பேக்கிங் என்ற சொல்லைக் கேட்டதும் லேத்தக்காவுக்கு அட்டைப்பெட்டி வாசனை அந்த அறையிலேயே அடிப்பதுபோல் இருந்தது.

முதலில் தோற்ற ஆலோசகர் என்று ஒரு அம்மாள் வந்தாள். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், எல்லாம் பவுடரிலேயே முடித்துவிடலாம் என்றாள். மூக்கின் இரண்டு பக்கமும் காப்பிப்பொடி நிறத்தில் நிழல் போட்டு, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு இழுத்தாள். தூரத்தில் நின்று பார்த்தால் லேத்தக்காவுக்கு நிஜமாகவே எடுப்பான மூக்கு இருந்தது. கண்ணாடி தூரத்தில் நிற்கவில்லை. அது அந்த வெள்ளைக் கோட்டிலேயே சறுக்கு விளையாடிக்கொண்டு கீழே வந்தது. ஆலோசகர் அம்மாள் கண்ணாடிக்குக் கலைநயம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

அடுத்து ஒரு கிளிப் கொடுத்தார்கள். மூக்குத்தண்டைக் கிள்ளிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப். தினமும் மாட்டினால் மூக்கு உயரும் என்று அட்டையில் போட்டிருந்தது. கம்பெனி டாக்டரே அதைப் பார்த்து, "எலும்பு என்ன மாவா, பிடிச்சு வச்சா நிக்கறதுக்கு? தோல்தான் புண்ணாகும்" என்றார். ஆனாலும் துறை வாங்கிவிட்டது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். லேத்தக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோனாள்.

மூன்றாவதாக ஊசி. பளபளவென்று ஒரு கிளினிக்கில், பளபளவென்று ஒரு டாக்டர். சேஃப்டி சாரும் கூடவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப சுலபம்" என்றார் டாக்டர். "ஒரு ஜெல்லை ஊசில ஏத்தித் தண்டுக்கு மேல வரிசையா வச்சுட்டு வருவோம். உக்காந்த இடத்துலயே முடிஞ்சிடும். ஒரு வருஷம், கூடக் கொஞ்சம் நாள் நிக்கும். கரைஞ்சதும் மறுபடி வந்து போட்டுக்கலாம்."

"ஏதாவது ஆகுமா சார்?"

"வீங்கும், கன்னிப்போகும், அதெல்லாம் சரியாயிடும். ரொம்ப அபூர்வமா ஜெல் ரத்தக் குழாய்க்குள்ள போயிடுச்சுன்னா தோல் அழுகிடலாம். இல்லைன்னா பார்வை போகலாம்."

"யாரோட பார்வை?"

"உங்களோடதுதான்."

லேத்தக்கா சேஃப்டி சாரைப் பார்த்தாள். "சார், இந்தக் கண்ணாடி எதுக்கு?"

"கண்ணைப் பாதுகாக்கம்மா."

"அந்தக் கண்ணாடி நிக்கறதுக்காகக் கண்ணு போனாலும் பரவாயில்லைன்னு ஊசி போட்டுக்கணுமா?"

சேஃப்டி சார் கொஞ்சமும் அசரவில்லை. "அபூர்வமான்னு சொன்னாரே, கேக்கலையா? அப்படியே ஆனாலும் அது வேலைக்கு நடுவுல ஆன விபத்துன்னு கணக்குல வராது. கிளினிக் கணக்குல போயிடும். நம்ம தொழிற்சாலையோட பாதுகாப்புக்கு ஒரு களங்கமும் வராது. அதை நினைச்சு நீங்க பயப்படவே வேண்டாம்."

நூல் வைத்து இழுக்கிற வழி ஒன்றும் இருக்கிறது, தானாகக் கரைகிற நூல் என்றார் டாக்டர். கரைந்த பிறகு என்ன ஆகும் என்று கேட்டதற்கு, பழைய மூக்கு வந்துவிடும் என்றார். அது ஒன்றுதான் அவர் சொன்னதில் லேத்தக்காவுக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை நிபுணர். வயதானவர், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். அவள் மூக்கை இரண்டு விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். சிலிக்கான் துண்டை உள்ளே வைக்கலாம், வருஷக் கணக்கில் நிற்கும், ஆனால் சில பேருக்கு நகரும், சீழ் பிடிக்கும், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரவும் பார்க்கும் என்றார். இல்லையென்றால் சொந்தக் குருத்தெலும்பு. விலாவிலிருந்து எடுக்கலாம், நெஞ்சில் தழும்பு இருக்கும், எடுத்த துண்டு பின்னால் கொஞ்சம் வளையலாம். காதிலிருந்தும் எடுக்கலாம், ஆனால் அது மெல்லிசு.

"கண்ணாடி மாட்டறதே காதுலதானே டாக்டர்? காதை வெட்டி மூக்குல வச்சா அப்புறம் எதுல மாட்டறது?"

நிபுணர் சிரித்துவிட்டார். "காது அப்படியே இருக்கும்மா, பின்னாலேர்ந்துதான் எடுப்போம். இது நல்ல சிகிச்சைதான். அடிபட்டு மூக்கு உள்ள போனவங்க வருவாங்க. சின்ன வயசுலேர்ந்து மனசுல ஆசை வச்சிருந்தவங்க வருவாங்க. வேணும்னு வர்றவங்களுக்கு நல்லாவே செஞ்சு தருவேன், சந்தோஷமாப் போவாங்க. நீங்க வேணும்னு வந்தீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சேஃப்டி சார் முந்திக்கொண்டார். "விருப்பத்தோடதான் டாக்டர் வந்திருக்காங்க. நாங்கதான் அனுப்பினோம்."

"நான் உங்களைக் கேக்கல" என்றார் நிபுணர். "உங்க மூக்குக்கு ஒண்ணும் தேவையில்ல."

அவள், "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அட்டைப்பெட்டிகள் குறுக்கே வந்து நின்றுவிட்டன. வரும் வழியெல்லாம் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மூக்கில் கம்பெனி கிளிப்.

"என்னடி இது?"

"எனக்கும் உன் மூக்குதானேம்மா" என்றாள் மகள் அடைத்த குரலில். "இப்பவே பிடிச்சு வச்சுக்கிட்டா, பெரியவளானதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்ல."

லேத்தக்கா கிளிப்பைக் கழற்றினாள். இரண்டு பக்கமும் சிவப்பாகக் குழி விழுந்திருந்தது. கட்டைவிரலால் அதை நீவிவிட்டாள். பித்தளைத் துணுக்கு புருவத்தில் பட்டபோதுகூட அவளுக்கு இப்படி வலித்ததில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம். அப்பா கொடுத்த மூக்கை ஒரு துணிக்கடைப் பொம்மை வந்து குறை சொல்லிவிட்டது, அதையும் கேட்டுக்கொண்டு இத்தனை நாளும் டாக்டர் டாக்டராகப் போய்த் தலையை நீட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது காதெல்லாம் சூடாகிவிட்டது.

புருஷன் கைகால் கழுவிக்கொண்டு வந்தான். சுவர் விளம்பரம், பெயர்ப் பலகை எழுதுகிற பெயின்டர் அவன். விஷயத்தைக் கேட்டு, தலையைச் சொறிந்தான்.

"சண்டை போட்டா பேக்கிங். போடலைன்னா கத்தி. எது வேணும்னு சொல்லு, நான் கூட நிக்கறேன்."

"ரெண்டும் வேணாம். கையால தள்ளிக்கிட்டே ஓட்டிட்டுப் போறேன்."

"அது கூடாதே" என்றான் அவன். "கை முகத்துக்குப் போகக் கூடாதே."

"யாரு சொன்னா?"

"நான்தான். உங்க ஷெட்டுச் செவுத்துல எழுதினது யாரு? நீ கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு என்னை முறைச்சுப் பார்த்தியே, மறந்துட்டியா?" அந்த ஏணியில்தான் அவர்கள் கல்யாணமே நிச்சயமானது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, எழுத்து எழுத்தாக அடித்த வரிகளை ஒப்பித்தான். "ஓடும் இயந்திரத்தின் அருகில் கை முகத்துக்குச் செல்லக் கூடாது. கண்ணாடி விலகினால் இயந்திரத்தை நிறுத்தவும். பாதுகாப்பு அதிகாரியை அழைக்கவும். கண்ணாடியைச் சரிசெய்யும் அதிகாரம் அவருக்கு மட்டுமே."

லேத்தக்கா அவனையே பார்த்தாள். தினம் தினம் அந்தச் சுவருக்குக் கீழேதான் நிற்கிறாள். தவளைக் கண்ணாடி விலகினதே கிடையாது, அதனால் யாரும் அதைப் படித்ததும் கிடையாது.

"திருப்பிச் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலையில் லேத்தை ஓடவிட்டாள். கண்ணாடி இறங்கியது. இயந்திரத்தை நிறுத்தினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஷெட் அதிர ஒரு குரல் கொடுத்தாள்.

"சேஃப்டி சார்!"

யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று அவர் தலைதெறிக்க ஓடி வந்தார். அவள் மோவாயால் சுவரைக் காட்டினாள். அவர் படித்தார். எழுத்துக்குக் கீழே தன் துறையின் பெயர் இருப்பதைப் பார்த்தார். தயங்கித் தயங்கி ஒரு விரலை நீட்டி, அவள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டார்.

"ரொம்ப நன்றி சார்" என்று சொல்லி அவள் லேத்தை ஓடவிட்டாள். அவர் தன் அறைக் கதவைத் தொடுவதற்குள் பின்னால் குரல் கேட்டது. "சேஃப்டி சார்!"

சாப்பாட்டு நேரத்துக்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. சாயங்காலம் பக்கத்து டிரில்லிங் மெஷின்காரர் தன் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் அது ஒன்றும் ஒழுங்காக நின்றுகொண்டிருக்கவில்லை. இத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அண்ணாந்தே ஓட்டியதில் கழுத்து பிடித்திருந்தது.

"ஏம்மா, என் மூக்கும் தாழ்வுதானா?"

"பக்கவாட்டுல திரும்புங்கண்ணே. ஆமா. நல்லாவே தாழ்வு."

"அப்ப நானும் கூப்பிடலாமா?"

"செவுத்துல பேர் போட்டா எழுதியிருக்கு?"

அந்த வாரக் கடைசியில் ஷெட்டில் பாதிப் பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். மீதிப் பேருக்கு மூக்கு எடுப்புதான், ஆனால் வேர்வை வழிந்தால் எடுப்பான மூக்கிலும் கண்ணாடி நிற்காது என்று அவர்களும் கண்டுபிடித்தார்கள். நாலா பக்கமும் "சேஃப்டி சார்!" என்று கூப்பாடு. லேத் சத்தத்தைவிட அதுதான் அதிகமாகக் கேட்டது. குடோனுக்குப் போகிற வால்வுப் பெட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. பேக்கிங் பிரிவில் ஆட்கள் வெறும் பெட்டியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்கள்.

தொழிற்சாலையின் முதலாளியான எம்.டி. கேட்டார், அந்த விதியை அழித்துவிட்டால் என்ன என்று. விருதுக்கு நம் பெயர் போனதே அந்த விதியால்தான், அதற்கென்று தனியாகப் பாராட்டே வந்திருக்கிறது என்றார் சேஃப்டி சார். பழைய கண்ணாடியைக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். புதுக் கண்ணாடியும் விருதுக்குப் போயிருக்கிறது என்றார். இவர்களை எல்லாம் பேக்கிங்குக்கு அனுப்பினால் என்ன? அனுப்பினால் விருதுக் குழு பார்ப்பதற்கு இயந்திரங்களும் பொம்மையும்தான் மிஞ்சும் என்றார்.

அதனால் துறையை விரிவாக்கினார்கள். அலுவலகத்திலிருந்து ஆட்களை எடுத்துக் கண்ணாடி உயர்த்துநர் என்ற பதவி கொடுத்து, கையுறை கொடுத்து, பயிற்சியும் கொடுத்தார்கள். வலது கை ஆள்காட்டி விரல்தான் தர விரல். பயிற்சிக்குப் பொம்மைத் தலையைத்தான் வைத்தார்கள். பொம்மையின் கண்ணாடி இறங்கவே இல்லை என்பதால் யாருக்கும் பயிற்சி முடியவில்லை.

"இதைச் சில பேர் பிரச்சினைன்னு சொல்றாங்க" என்று இன்னொரு கூட்டத்தில் பேசினார் சேஃப்டி சார். குரல் கம்மிப்போயிருந்தது. "நான் வளர்ச்சின்னு சொல்றேன். போன மாசம் இந்தத் துறையில நான் ஒருத்தன்தான். இன்னிக்கு ஷெட்டுல தொழிலாளர் எத்தனை பேரோ அதுல பாதி நம்ம துறை. இதே வேகத்துல போனா, வேலை செய்யறவங்களே இல்லாம முழுக்க முழுக்கப் பாதுகாப்பான தொழிற்சாலையா இது மாறிடும்."

இந்தத் தடவை கை தட்டியவர்கள் உயர்த்துநர்கள் மட்டும்தான். தொழிலாளர்களின் கை பின்னால் கட்டியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவர் லேத்தக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "குழு வர்ற அன்னிக்கு மட்டும் கூப்பிடாம இருங்கம்மா. உங்களுக்கு எந்த மூக்கு வேணும்னு சொல்லுங்க, வாங்கித் தர்றேன்."

"இருக்கறதே போதும் சார்" என்றாள். "பேக்கிங்குக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க. மூக்கோடதான் போவேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பேக்கிங்குக்கே போனாலும் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். லேத்தை விட்டுப் போவதை நினைத்தால் நெஞ்சு கனத்தது. ஆனால் மகள் மூக்கில் இருந்த சிவப்புக் குழியை நினைத்தால் அந்தக் கனம் பெரிதாகத் தெரியவில்லை.

விருதுக் குழு வந்தது. எம்.டி. முன்னால், குழுத் தலைவியான நரைத்த அம்மாள் ஒருத்தி பக்கத்தில், பின்னால் நாலைந்து பேர். ஷெட்டுக்குள் நுழைகிற எல்லோருக்கும் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். உயர்த்துநர்கள் அங்கங்கே நின்றார்கள். சேஃப்டி சார் லேத்தக்காவைக் கண்ணாலேயே கெஞ்சிவிட்டு, அந்தக் கோடியில் டிரில்லிங் மெஷின்காரர் கூப்பிட்டதற்கு ஓடினார்.

குழு லேத்துக்கு முன்னால் வந்து நின்றதும் கண்ணாடி இறங்கியது. லேத்தக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். கையைப் பின்னால் கட்டினாள்.

"சேஃப்டி சார்!"

அவர் வர முடியவில்லை. உயர்த்துநர்கள் ஆளுக்கொரு மூக்கில் இருந்தார்கள். "சேஃப்டி சார்!" என்று மறுபடி கூப்பிட்டாள்.

"அந்தம்மா கூப்பிடறாங்களே, யாரும் போகலையா?" என்றாள் குழுத் தலைவி.

எம்.டி. சுவரைப் பார்த்தார், குழுவைப் பார்த்தார். எல்லாத் துறைக்கும் மேலே இருக்கிறவர், அதனால் பாதுகாப்புக்கும் அவர்தான் மேலே. முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு முன்னால் வந்து, விரலை நீட்டிக் கண்ணாடியைத் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் மேல சார்" என்றாள் லேத்தக்கா.

தள்ளினார். விரலை எடுத்தார். இறங்கியது. மறுபடி தள்ளினார். எடுத்தார். இறங்கியது.

"எடுக்காதீங்க சார். அப்படியே பிடிச்சுக்குங்க. கடையற பீஸ் பாதில நிக்குது."

எம்.டி. பிடித்துக்கொண்டார். லேத்தக்கா லேத்தை ஓடவிட்டாள். அவள் கண்ணுக்கு நடுவில், எலும்பு உயராத அந்த இடத்தில், தொழிற்சாலையின் முதலாளி விரல் முட்டுக்கொடுத்து நின்றது. அவள் நிதானமாகக் கடைந்தாள். பித்தளை சுருள் சுருளாக உரிந்து விழுந்தது.

எம்.டி.க்கு வேர்த்தது. அவர் கண்ணாடியும் இறங்க ஆரம்பித்தது. தள்ளிக்கொள்ள இடது கை மேலே போனது.

"கை, சார்" என்றாள் லேத்தக்கா, பீஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கை கீழே இறங்கியது. குழுவில் ஒருத்தர் தன் கண்ணாடியைத் தொடப் போனார். "கை!" என்று ஷெட் முழுக்கக் கத்தியது. அவரும் கையை இறக்கினார். ஒவ்வொருத்தர் கண்ணாடியாக மூக்கு நுனிக்கும், அங்கிருந்து உதட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்போதுதான் ஓடி வந்த சேஃப்டி சார், எம்.டி. கண்ணாடியைத் தன் விரலால் தாங்கினார். அதற்குள் அவருடையது இறங்கிவிட்டது. அதைத் தாங்க ஆள் இல்லை.

"இந்தக் கண்ணாடி யாருக்குத்தான் நிக்குது?" என்று கேட்டாள் குழுத் தலைவி, உதட்டுக்கு மேலே ஒரு கண்ணாடியோடு.

"ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார் மேடம்" என்றார் சேஃப்டி சார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இது எப்பம்மா முடியும்?" என்று எம்.டி. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நல்லா வரணும்ல சார். அவசரப்பட்டா தரம் போயிடும்."

அந்த ஒரு வால்வை அவள் வாழ்க்கையிலேயே ரொம்ப நேரம் எடுத்துக் கடைந்தாள். அவ்வளவு அழகாக எந்த வால்வும் வந்ததில்லை என்று பின்னால் டிரில்லிங் மெஷின்காரர் சொன்னார்.

அடுத்த வாரம் குடோன் மூட்டைகளைப் பிரித்தார்கள். தவளைக் கண்ணாடிகளை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தபோது சேஃப்டி சார் மேடையேறி, பின்மண்டையையும் முகத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்ட உலகத்தின் முதல் கண்ணாடி இது என்று பேசினார். விருது வேறு தொழிற்சாலைக்குப் போயிற்று. பேக்கிங் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. லேத்தக்கா தவளைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டு லேத்தை ஓடவிட்டாள்.

புதுக் கண்ணாடியைத் திருப்பி வாங்க ஆள் இல்லாததால் அவளுடையது வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலம் அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலுறையைக் கம்பெனி கிளிப் பிடித்துக்கொண்டிருந்தது, அதற்கு அது நன்றாகவே உதவியது. உள்ளே மகள் அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டியிருக்கிறாள். மாட்டின வேகத்தில் அது அவள் மூக்கு வழியாக இறங்கி உதட்டில் உட்கார்ந்தது.

மகள் வாசலுக்கு வந்தாள். தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல்களெல்லாம் திறக்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"சேஃப்டி சார்!"

புருஷன் பெயின்ட் பிரஷைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.